ஒரே பெயரில் இரண்டு தேதி

“நீ எத்தன தடவ பொறந்த?” என்று டெஸ்மண்ட் சார் என்னிடம் கேட்டார்.

வகுப்பு சிரித்தது.

“வருசத்துக்கு ரெண்டு கேக் வெட்டணும் சார், செலவுலா,” என்றாள் முன்வரிசையில் இருந்த ஜெனவீவ்.

எண்பத்தொன்பதாம் வருடம். சுங்கைப் பட்டாணியில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் வகுப்பு. நான் அங்கே கூட்டிப் பெருக்குகிறவள். பள்ளியில் எப்போதும் எல்லாரையும்விடக் குட்டையாக இருந்தேன், பாடமும் ஏறவில்லை. இரண்டாம் படிவத்தோடு நின்றுவிட்டேன். பெருக்கி முடித்தபின் கடைசி மெஷினில் உட்கார்ந்து பழக சார் விட்டிருந்தார்.

அன்றைய பாடம், பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு ஒரு கோப்பில் எழுதி வைக்கும் சி புரோகிராம்.

மற்றவர்கள் அப்பா, அம்மா, தம்பி, தங்கை என்று வரிசையாகப் போட்டார்கள். நான் உமையாள் என்ற என் பெயரையே இரண்டு முறை போட்டேன். முதலில் 31/8/73. பிறகு 12/3/71.

கோப்பைத் திறந்தால் இரண்டாவது மட்டும் இருந்தது.

மறுபடி போட்டேன். மறுபடியும் முதல் தேதியைக் காணவில்லை.

வாய் திறந்து எதையும் சொல்லத் தெரியாதவள் நான். அந்த முதல் தேதியைச் சார் பார்க்க வேண்டும் என்றுதான் தட்டினேன்.

திங்கட்கிழமை எனக்கும் பட்டர்வொர்த் அழகேசனுக்கும் கல்யாணப் பதிவு. அவருக்கு முப்பத்தாறு வயது. பதினெட்டு ஆகாத பெண்ணைப் பதிய மாட்டார்கள். என் பிறப்புச் சான்றிதழ், எங்கள் பேச்சில் சூராட்டு, அதன்படி போன மாதம் எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட டெஸ்மண்ட் சார் ஒப்புக்கொண்டிருந்தார். இன்னொரு தேதியைப் பார்த்தால் விசாரிப்பார், கையெழுத்துப் போட மாட்டார் என்று நம்பினேன்.

கையைத் தூக்கினேன்.

சார் பின்னால் வந்து குனிந்தார். “ஃபைல தொறக்கறப்ப டபிள்யூ போட்டிருக்க பாரு. ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கறத அழிச்சிட்டுத்தான் எழுதும். ஏ போடு, கீழ சேத்துக்கிட்டே போகும்.”

அந்த ஓர் எழுத்தை அவரே மாற்றினார். நான் இரண்டு தேதியையும் திரும்பத் தட்டினேன்.

பச்சை எழுத்தில் இரண்டு வரிகள் வந்தன. ஒரே பெயர், ஒன்றின் கீழ் ஒன்றாக.

அப்போதுதான் எத்தனை தடவை பிறந்தேன் என்று கேட்டார்.

“மேல உள்ளது எஸ்டேட் ஆயா சொன்னது சார்,” என்றேன். “மெர்டேக்காவுக்குச் சொதந்திரக் கொடி ஏத்துன அன்னிக்குப் பொறந்தேனாம்.”

“ஆயா என்னா, ரெஜிஸ்ட்ராரா?”

மறுபடி சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பின் நடுவே அம்மா படியேறி வந்தார். கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க என்னை அழைத்துப் போக வந்தவர். சுங்கை லாலாங் பக்கத்தில் எங்கள் தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அழகேசனுக்குச் சொந்த வீடு இருந்தது. அம்மாவையும் கூடவே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

“வாங்கம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க,” என்றார் சார். “உங்க மக எழுபத்தொண்ணு மார்ச்சா, எழுபத்துமூணு மெர்டேக்காவா?”

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் திரையைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“மார்ச்சுதான் தம்பி.”

“அப்ப இன்னொண்ணு?”

“அது யாரோடதும் இல்ல.”

என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“மார்ச்சு எங்க அக்கா சார். உமையாள் அக்கா. ஒம்பது மாசத்துல காச்ச வந்து செத்துப்போச்சு. அது சூராட்டத்தான் எனக்கு வெச்சிட்டாங்க, பேரோட சேத்து.”

ஜெனவீவ் சிரிக்கவில்லை. அம்மா மறுக்கவில்லை. கையிலிருந்த ரவிக்கைத் துணியை இன்னும் சிறியதாக மடித்தார்.

சார் திரையைப் பார்த்தபடியே நின்றார். அவர் உதடு அசைந்தது. எழுபத்துமூன்றிலிருந்து எண்ணுகிறார் என்று தெரிந்தது. பதினைந்தில் நின்றது.

என் தோளுக்கு மேலே கையை நீட்டி, மெர்டேக்கா தேதி இருந்த மேல் வரியை அழித்தார். கோப்பைச் சேமித்தார்.

பிறகு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு, “திங்கக்கெழம கையெழுத்துப் போட வந்துடறேம்மா,” என்று அம்மாவிடம் சொல்லிப் படியிறங்கிப் போனார்.