துண்டுக்கு அடியில்

அந்தச் சந்தையில் மாட்டின் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விற்பவரும் வாங்குபவரும் கைகோத்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். தன் காளையை வாங்க ஆள் வந்திருப்பதாகத் தரகர் சொன்னதும் செங்கோடன் கையை நீட்டினார். கைகளின் மேல் துண்டு விழுந்த பிறகுதான் எதிரே நிற்பவனைப் பார்த்தார். தம்பி மாரப்பன். கிணற்றுப் பங்குத் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று ஒன்பது வருடம் ஆகிறது. அசலூர்த் தரகருக்கு இதெல்லாம் தெரியாது.

கையை உருவிக்கொண்டால் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். தம்பி விரலைப் பிடிக்கட்டும் என்று செங்கோடன் காத்திருந்தார். அவனோ எந்த விரலையும் தனியாகப் பிடிக்காமல் உள்ளங்கையோடு சேர்த்துக் கை முழுவதையும் இறுக்கிக்கொண்டான். அப்படிப் பிடித்தால் என்ன விலை என்று முப்பது வருடமாகச் சந்தைக்கு வரும் அவருக்குத் தெரியவில்லை. கேலி செய்கிறானா? பழைய கோபமா? மாரப்பன் அண்ணனைப் பார்க்காமல் காளையின் திமிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிடியை மட்டும் தளர்த்தவில்லை.

“ஏனுங்க, எத்தன கேக்கறாரு?” என்றார் தரகர்.

“தெரியலீங்க.”

“வெரலப் புடிச்சாரா இல்லீங்களா?”

செங்கோடன் குனிந்து துண்டைப் பார்த்தார். தன் விரல்களும் எப்போது மடங்கி அந்தக் கையைப் பற்றிக்கொண்டன என்று அவருக்கே புரியவில்லை.

பொறுமையிழந்த தரகர் துண்டை எடுக்கப் போனார். செங்கோடன் இடக்கையால் அதை அழுத்திக்கொண்டார்.

“இருங்க. இன்னும் பேசி முடிக்கலீங்க.”