இருந்த இடத்தில் இருக்கட்டும்

“விண்டோஸை மாத்த மாட்டேன்னு சொல்லுதியளே, அதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. நான் வாயை மூடிக்கிடுதேன்.”

சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வந்த ஸ்வாதி, பையை இறக்கிய கையோடு ஆரம்பித்துவிட்டாள்.

அவள் அப்பா மந்திரமூர்த்தி, தென்காசியில் வீட்டு முன்னறையிலேயே மனு டைப் அடித்துக் கொடுப்பவர். திங்கள்தோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள் என்பதால், அன்று விடிந்ததுமே வாசலில் ஆள் நிற்கும். வந்தவர் குறையைச் சொல்லச் சொல்ல இவர் விரல் ஓடும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த விரல். கீபோர்டைக் குனிந்து பார்க்கிற வழக்கமே கிடையாது. பிரிண்ட் எடுத்ததும் மனைவி குழல்வாய்மொழி வந்தவருக்கு வாசித்துக் காட்டுவாள். சரி என்றால் கையெழுத்து.

“நல்லாத்தானே ஓடுது. இருந்த இடத்துல இருக்கட்டும் தாயி.”

“எங்க ஓடுது? இந்த விண்டோஸைக் கம்பெனிக்காரனே கைவிட்டுட்டான். ஒரு வைரஸ் வந்தா அம்போதான். ஆன்லைன் மனுவுக்கு வாரவங்களை எல்லாம் அடுத்த தெருக் கடைக்கு அனுப்புதிய. நாளைக்கு டைப் அடிக்கவும் அங்கனயே போயிருவாங்க. அப்புறம் என்ன பண்ணுவிய?”

“பாத்துக்கிடலாம்.”

“என்னத்தப் பாக்க? புதுசா ஒண்ணைக் கத்துக்கிடச் சோம்பேறித்தனம், அதுக்கு இப்படி ஒரு பேச்சு. ஊருக்கெல்லாம் நியாயம் கேட்டு மனு அடிக்கிய. சொந்த வீட்டுல பொம்பளப்பிள்ளை நியாயம் சொன்னா மட்டும் காது கேக்காது.”

“ஏட்டி, அப்பாட்ட என்ன பேச்சு பேசுத?” அடுக்களையிலிருந்து அம்மா அதட்டினாள்.

“உள்ளதைத்தான் பேசுதேன். முடியலன்னா சொல்லச் சொல்லு. எம்.ஏ.வை நிப்பாட்டிட்டு வந்து நானே உக்காந்து அடிக்கேன்.”

மந்திரமூர்த்தியின் முகம் மாறிப்போனது.

“அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம். நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் இது ஓடும். எனக்கு அது போதும்.”

மறுநாள் குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று அப்பாவும் அம்மாவும் குளிக்கக் கிளம்பினார்கள். அம்மாவின் கையைப் பிடித்தபடி அப்பா படியிறங்கினார்.

“இந்த வயசுல கை கோத்துக்கிட்டு நடக்கப் புதுசா கத்துக்கிட முடியுது. விண்டோஸ்தான் முடியல” என்றாள் ஸ்வாதி.

அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அவர்கள் பஸ் ஏறியிருப்பார்கள் என்று தோன்றியதும், கம்ப்யூட்டர் கடை நாசரை வரச் சொன்னாள்.

“பழைய மெஷின் பாப்பா. ரேம் சேத்தாத்தான் இழுக்கும். அப்பாட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டா வேண்டாம்பாரு. நீங்க போடுங்கண்ணே. அவரு நல்லதுக்கும் சேத்துத்தான் நான் யோசிக்கேன்.”

நாசர் பழசை அழித்துப் புதுசை ஏற்றினார். அடித்து வைத்திருந்த மனுக்களைப் பத்திரமாக உள்ளே போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் இருவரும் ஈரத்துண்டோடு திரும்பினார்கள். அப்பா முன்னறையிலேயே உட்கார்ந்துவிட, ஸ்வாதி அம்மாவின் பின்னாலேயே அடுக்களைக்குப் போனாள்.

“விண்டோஸை மாத்தியாச்சும்மா.”

குழல்வாய்மொழியின் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது.

“எல்லாம் இருந்த இடத்துல இருக்குல்லா?”

“எதுவுமே இல்ல. மூலையில கிடந்த ஸ்டார்ட் பட்டன்கூட நடுவுக்கு வந்துட்டு. நீலமா, பளிச்சுனு நிக்கி. ரெண்டு நாள் பாத்தா தன்னால பழகிரும்.”

“பழசையே திரும்பப் போட்டுரு. இப்பவே நாசரைக் கூப்பிடு.”

“அது அழிஞ்சு போச்சும்மா. அதே மாதிரி இனிமே வராது.”

அம்மா முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“நாளைக்குத் திங்கக்கிழமை” என்றாள்.

“திங்கக்கிழமைன்னா என்ன இப்போ? ஒரு ஆம்பளையோட பிடிவாதத்துக்கு வீடே சேந்து தாளம் போடணுமா?”

“தாயி, இங்கன வா.”

முன்னறையிலிருந்து அப்பா கூப்பிட்டார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. ஸ்வாதி சண்டைக்குத் தயாராகத்தான் போனாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மந்திரமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சி.பி.யூ. இரைந்துகொண்டிருந்தது. கை மவுசின் மேல் இருந்தது. நிலைப்படியில் நின்றவளுக்கு மானிட்டரின் முதுகுதான் தெரிந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் அப்பா. “எழுத்தெல்லாம் முன்னைக்கு இப்போ தெளிவாத் தெரியுது. நான்தான் வீணா பயந்துட்டேன். நீ ஒண்ணையும் மனசுல போட்டுக்கிடாத. காலையில யுனிவர்சிட்டிக்குக் கிளம்பிப் போ.”

“இதைத்தானே நேத்துலேருந்து தொண்டை கிழியச் சொல்லுதேன்?”

ஹாஸ்டல் தோழிகளுக்கு உடனே சொல்லியாக வேண்டும். சார்ஜில் கிடந்த போனை எடுக்க மேசையைச் சுற்றிப் போய்க் குனிந்தாள் ஸ்வாதி.

குனிந்தவள் அப்படியே நின்றாள். நாசர் போனதும் மானிட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில்தான் அவள் சார்ஜரைச் சொருகியிருந்தாள்.

கன்னங்கரேலென்று கிடந்த திரையை நேராகப் பார்த்தபடி அப்பா சொன்னார்:

“அந்த நீலக் கலர்கூட கண்ணுக்குக் குளுமையா இருக்கு தாயி.”