தொண்ணூறு நாள் படம்

“எனக்கு நாற்காலி தூக்கின பயலுக்குப் பெரிய படமா?” பர்பேங்க் வீட்டுக் கூடத்தில் டைரக்டர் வெண்டல் கத்துவது வேலிக்கு இந்தப் பக்கமும் கேட்கிறது. டெலிவிஷனில், அவர் மூன்றே நாளில் எடுத்துத் தள்ளிய கௌபாய் கதை முடிகிறது. அவர் பெயர் வர வேண்டிய இடத்தில் சோப்பு விளம்பரம் நுரைக்கிறது. அந்த நீல வெளிச்சத்தில் அவர் முகம் வெளிறிக் கிடக்கிறது.

“அந்த ஹாஸ்கலுக்குக் கலர்ப் படமாம், எழுபது நாள் ஷூட்டிங்காம்!”

“எழுபது இல்ல வெண்டல், தொண்ணூறு,” என்கிறாள் மனைவி லோர்னா, கிளாசில் ஐஸ் கட்டியைப் போட்டபடி. “கதாநாயகிதான் இன்னும் முடிவாகலையாம்.”

எந்தப் பேப்பரிலும் வராத சேதி இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க வேண்டிய மனுஷன், “தொண்ணூறா!” என்று வயிறெரிகிறார்.

மறுவருஷம் லோர்னா ஹாஸ்கலைக் கட்டிக்கொண்டு பெவர்லி ஹில்ஸுக்குக் குடிபோனாள்.