உருமாக்கட்டு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம். மாயழகு மொட்டைத்தலையோடு மணையில் உட்கார்ந்திருந்தான். மைத்துனன் வந்து தலைப்பாகை கட்டினால்தான் எழுந்திருக்க முடியும்.

“ஒம் பொண்டாட்டி செத்தன்னைக்கு அவ அண்ணன் கொண்டாந்த கோடிச்சேலையத் தெருவுல வீசுனியேடா, இப்ப எவன் வந்து உருமா கட்டுவான்?” என்றார் பெரியப்பா. சிலர் சிரித்தார்கள். வெறுந்தலையோடு ஊர் முன்னால் எழுந்து நிற்பதை நினைத்து மாயழகு தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த அண்ணன் சின்னாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். புதுத்துண்டை நீளவாக்கில் மடித்து, ஒரு நுனியை மாயழகின் காதுக்குமேல் பிடித்துக்கொண்டு, சவரக்கத்தி கீறிய இடத்தில் உரசாமல் சுற்றி, மறுநுனியைப் பின்னால் செருகினான்.

“இறுக்குதா மாப்ள?”

மாயழகு நிமிரவில்லை. “இல்ல மச்சான். இன்னும் இறுக்கிக் கட்டுங்க.”

சின்னாண்டி அவிழ்த்து மறுபடியும் கட்டினான், முன்னைவிடத் தளர்வாக.