மணப்பெண் காரின் செம்புக் குழாய்
வரதராசன்பேட்டைக் கோயிலுக்குப் போகும் கார் முந்திரித் தோப்பு நிழலில் மறுபடி அணைகிறது. ஓட்டிவந்த பிலவேந்திரனுக்குக் காரணம் புரியவில்லை. நேற்றுத்தான் வேறொரு காரின் கார்புரேட்டரை இதில் பொருத்தினான். காலையில் உடனே கிளம்பிய கார், சூடானதும் நின்றுவிடுகிறது. பின் சீட்டில் சம்பங்கி மாலையோடு மணப்பெண், அவன் தங்கை விண்ணரசி. "மாட்டு வண்டியில வந்திருந்தா இந்நேரம் தாலியே ஏறியிருக்கும்ண்ணே!" "இருடி, கல்யாணப்பொண்ணே!" என்று சிரித்தபடி இறங்கி, எஞ்சின் மூடியைத் திறந்து பெட்ரோல் குழாயைத் தொட்டவன், சூடு தாங்காமல் விரலை உதறுகிறான். மாற்றிய கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் வாய் மறுபக்கம் இருந்ததால், செம்புக் குழாயைப் புகைக்குழாயின் மேலேயே கொண்டுபோயிருக்கிறான். உள்ளே பெட்ரோல் கொதித்து, ஆவி வழியை அடைக்கிறது. சூடு ஆறியதும், விசிலடித்துக்கொண்டே குழாயைக் கழற்றி, ஒடியாமல் வளைத்து, எஞ்சினின் முன்பக்கமாகச் சுற்றி முடுக்குகிறான். காரின் முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுழற்றியதும் கார் உறுமுகிறது. விண்ணரசி வளையல் குலுங்கக் கைதட்டுகிறாள். புகைக்குழாய்க்கு ஒரு சாண் தள்ளி ஓடும் குழாயில், பெட்ரோல் கொதிக்காமல் கார்புரேட்டருக்கு வருகிறது.