திரும்பிப் பார்த்து வாங்கு

தொடர் ஓட்டத்தில் தோற்றதுகூடப் பரவாயில்லை. தோற்ற விதம்தான் தலைமையாசிரியரின் மானத்தை வாங்கிவிட்டது.

மற்றப் பள்ளிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டி, பேட்டன் கையில் விழுந்ததும் சிட்டாய்ப் பறந்தார்கள். இவர் பள்ளிப் பிள்ளைகளோ நின்று, திரும்பி, கொடுப்பவன் முகத்தை நன்றாகப் பார்த்து வாங்கிக்கொண்டு அப்புறம்தான் ஓடினார்கள். கடையில் கத்தரிக்காய் வாங்குகிறவர்கள்கூட அவ்வளவு நிதானமாக வாங்க மாட்டார்கள்.

பெற்றோர் பக்கம் ஒரே சிரிப்பு. விளையாட்டு மாஸ்டருக்கு வயசாகிப் புத்தி மழுங்கிவிட்டது என்று தலைமையாசிரியர் காதுபடவே பேசினார்கள். மாஸ்டரை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அதுவும் யார் முன்னால் இந்தக் கூத்து? தலைமை விருந்தினர் சாதாரண ஆளா? பறிபோக இருந்த இந்த மைதானத்தைப் போன மாதம் ஒரு கையெழுத்தில் காப்பாற்றிக் கொடுத்த அதிகாரி. போதாததற்கு, அந்தக் காலத்தில் இதே மாஸ்டரிடம் பயிற்சி எடுத்து, தொடர் ஓட்டத்தில் கோப்பை கோப்பையாக வாங்கியவர்.

அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"நான் இன்னைக்கு இந்த நிலைமையில இருக்கேன்னா அதுக்கு மாஸ்டர்தான் காரணம். 'கையை நீட்டு, திரும்பிப் பார்க்காதே, கையில விழுந்ததும் ஓடு'ன்னு சொல்லிக்கொடுத்தார். அதை இன்னைக்கு வரைக்கும் விடாமக் கடைப்பிடிக்கிறேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. மாஸ்டர் மட்டும் கசப்பு மருந்து குடித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அதிகாரியின் கார் கிளம்பியதும், தலைமையாசிரியர் மாஸ்டரைப் பந்துகள் வைக்கும் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

"கேட்டீங்களா? பழைய பயிற்சியில எப்படிப்பட்ட ஆளை உருவாக்கியிருக்கீங்க. அதை ஏன் மாத்தினீங்க? ஒழுங்கா பதில் சொல்லுங்க. இல்லேன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்."

மாஸ்டர் கையிலிருந்த பேட்டனைக் கூடையில் போட்டார்.

"போன மாசம் மைதான விஷயமா என்னை அவர் ஆபீசுக்கு அனுப்பினீங்களே சார். ஒரு கவர்கூடக் கொடுத்து விட்டீங்களே."

தலைமையாசிரியர் போய்க் கதவைச் சாத்தினார். அதை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்றார். பள்ளிக்கூடத்தின் நன்மைக்காகச் செய்தது என்றார்.

"நானும் அப்படி நினைச்சுத்தான் போனேன். விளையாட இடமில்லாமப் போயிடுமேன்னு. பேசாம வச்சுட்டு வந்துடணும்னு அவரோட உதவியாளர் சொல்லித்தான் உள்ளே விட்டார். அதிகாரி ஜன்னலைப் பார்த்து நின்னுக்கிட்டு, கையை மட்டும் பின்னால நீட்டினார். உள்ளங்கை மேல பார்த்து, கட்டைவிரல் விரிஞ்சு, கை துளிகூட ஆடலை. நான் சொல்லிக்கொடுத்ததுல ஒண்ணையும் மறக்கலை சார்."

தலைமையாசிரியர் சாத்திய கதவுக்குத் தாழ்ப்பாளையும் போட்டார்.

"வச்சவன் நான்தான்னு அவருக்கு இன்னும் தெரியாது. திரும்பிப் பார்க்கவே இல்லையே."