ஆறாவது படம்

ஹாஜி தந்தராவியின் வலது கை அங்கிக்குள்ளேயே இருந்தது. முன்வரிசையில் வந்து உட்கார்ந்து அரை மணி நேரமாகியும் அது வெளியே வரவில்லை. சர்க்கரை போடாத காப்பியை நீட்டியபோதுகூட இடது கையால்தான் தள்ளிவிட்டார்.

"இழவுக் காப்பி எனக்கு வேணாம். நான் துக்கத்துக்கு வரலை."

கெனா நகரத்துக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரின் கலாச்சார மன்றத்தில், வருஷக் கடைசி நாள் பிற்பகல், அந்த வருஷம் செத்துப்போன பெயர்பெற்ற ஆட்களை நினைத்துக் கூட்டம் போடுவார்கள். ஒவ்வொரு பெயராகப் படித்து, படத்தின் மேல் கிடக்கும் வெள்ளைத் துணியை எடுப்பார்கள். எல்லோரும் ஃபாத்திஹா ஓதிவிட்டு வீட்டாருக்குக் கை கொடுத்து ஆறுதல் சொல்வார்கள்.

இந்த வருஷம் ஆறு படம். மன்றத்தில் இருந்த துணியோ ஐந்துதான். ஆறாவது துணியை, மேடையில் பெயர்களைப் படிக்கிற ஷாஸ்லி வாத்தியாரே கடையில் வாங்கி வந்து போர்த்தியிருந்தார். அளவு தெரியாமல் வாங்கிவிட்டார் போலிருக்கிறது. துணி தரைவரை இறங்கி மடிந்து கிடந்தது.

அந்த ஆறாவது படம்தான் வம்பு. பாடகன் ரிஃபாயி, ஹாஜியின் ஒரே மகன். ஏப்ரலில் ஒரு கல்யாண மேடையில் பாடிக்கொண்டிருந்தான். சந்தோஷத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்ட நாற்பது துப்பாக்கிகளில் ஒன்று தாழ்ந்துவிட்டது. யாருடையது என்று ஒருவனும் வாய் திறக்கவில்லை. 'ஆள் தெரியவில்லை' என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. அவர்களுக்கு என்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது?

மன்றத்து மேலாளர் மம்தூஹ் வாசலில் நின்ற போலீஸ்காரனிடம் ஓடினார்.

"கிழவர் உள்ள என்ன வச்சிருக்கார்னு தடவிப் பாருய்யா."

"நீங்க போய்த் தடவுங்க சார். நான் பின்னாலயே நிக்கறேன்."

"எவ்வளவு பின்னால?"

"தெருவுல."

மம்தூஹ் திரும்பி வந்து ஹாஜியின் காதருகே குனிந்தார். "ஹாஜி, ஊர்ல எந்தக் கடைக்குப் போனாலும் உங்க மகன் பாட்டுதான். அவர் பேரைப் படிக்கலைன்னா சனங்க சும்மா விடுவாங்களா?"

"படிச்சா, படிக்கறவனைச் சுட்டுடுவேன்." ஹாஜி குரலை உயர்த்தவில்லை. "ஆறுதல் வாங்கிட்டா பழி முடிஞ்சுதுன்னு அர்த்தம். என் மகனைக் கொன்னவன் தன்னைப் புதைக்கற கஃபன் துணியைத் தன் கையாலயே சுமந்துட்டு வரட்டும். அவன் உசிரை எடுக்கறதா, விடறதான்னு அப்ப நான் சொல்றேன். அதுவரைக்கும் எவனும் எனக்குக் கை நீட்டக் கூடாது."

"எட்டு மாசமா வராதவன் இனிமேலா வரப்போறான்?"

"வரமாட்டான். கோழைப்பய. அதான் படிக்கக் கூடாதுங்கறேன்."

மம்தூஹ் மேடையோரம் போய் ஷாஸ்லியின் கையைப் பிடித்தார்.

"அஞ்சோட நிறுத்திக்கய்யா. ஆறாவது பேரு நமக்கு வேணாம்."

"அவன் பேரைப் பட்டியல்ல சேர்த்ததே நான்தான் சார்."

"ரெண்டு பொண்ணுங்க இருக்கு உனக்கு. ஏதாவது ஆச்சுன்னா உன் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம். காலையிலயே சொல்லிட்டு வந்துட்டேன்."

"பைத்தியம்! சுத்தப் பைத்தியம்!"

ஷாஸ்லி ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். முதலில் ஏழைகளிடம் காசு வாங்காத டாக்டர். அடுத்து நாட்டு அணிக்கு ஆடிய கோல்கீப்பர். இப்படி நாலு துணி விலகியது. ஐந்தாவது, கம்புச் சண்டைக்குப் பேர்போன அபுல் வஃபா. உயிரோடு இருந்தபோது மருந்து வாங்கித் தராத அவர் மகன்கள் மூன்று பேரும் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார்கள். ஐந்து தடவையும் கூட்டம் எழுந்தது. ஹாஜி எழவில்லை.

ஆறாவது படம் மட்டும் மிச்சம். அங்கிக்குள் கை அசைந்தது. பின்வரிசைக்காரர்கள் பாதிப்பேர் நாற்காலிக்குக் கீழே குனிந்துகொண்டார்கள். போலீஸ்காரன் சொன்னபடியே தெருவுக்குப் போய்விட்டான்.

"டேய் ஷாஸ்லி" என்றார் ஹாஜி. "இறங்கிடு. அவனோட ஒரே பெஞ்சுல படிச்சவன் நீ. என் வீட்டு ரொட்டி தின்னு வளர்ந்தவன். உன்னைப் போய்ச் சுடற நிலைமைக்கு என்னைத் தள்ளாதே."

ஷாஸ்லி பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மம்தூஹுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் வாத்தியார் இறங்கவில்லை. ஆறாவது படத்திடம் போய்த் துணியைப் பிடித்து இழுத்தார். உள்ளே ரிஃபாயி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஹாஜி எழுந்துவிட்டார். கை வெளியே வந்தது, ரிவால்வரோடு.

ஷாஸ்லி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நீளத் துணியை நிதானமாக நாலாக மடித்து, இரண்டு கைகளின் மேலும் விரித்துப் போட்டுக்கொண்டார். படிகளில் இறங்கினார். ரிவால்வரின் வாய் நெஞ்சில் இடிக்கும்வரை நடந்து வந்து, முழங்காலிட்டு, துணியை ஹாஜியின் காலடியில் வைத்தார்.

"அன்னைக்குத் தாழ்ந்தது என் துப்பாக்கிதான், ஹாஜி."